மூடிமேல் கூரை வளையம்

தலாய்பெக், மகளோடு தையற்காரரிடம் போகிறேன். சம்பந்திகள் மதியம் வருகிறார்கள். ஆட்டிறைச்சியைச் சூடாக்கி வையுங்கள்.

"லேசர் மெஷின் இருக்கும்போது உன் யோசனை எதுக்கு?" என்றீர்கள் நேற்று. மெல்லிய மரத்தாளான வெனீரின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறதென்ற கவலை மெஷினுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. சீதனப் பெட்டி மூடிக்கு நீங்கள் வெட்டிய, குடும்பத்தின் சின்னமான கூடாரக் கூரை வளையம், கையில் எடுத்ததுமே குச்சி குச்சியாக உடைந்தது. உடைந்த கூரையோடு மருமகள் வந்தால் சம்பந்தியம்மா சும்மா இருப்பாரா?

இரண்டு வெனீர் தாள்களை இழை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டி, லேசரின் புகைக்கறை படியாமல் மேலே டேப் போட்டு, நானே மறுபடி வெட்டி மூடியில் பதித்துவிட்டேன். தொடாதீர்கள்.

பெர்மெத்

பி.கு.: சம்பந்திகள் புகழ்ந்தால் நீங்கள் செய்ததாகவே சொல்லிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.