அம்மா புகார் கொடுத்த வெளிச்சம்

விருத்தாசலம்
ஆனி 22

அன்பு மகள் பிரபாவுக்கு, பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம் என்றாயே, நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதை எழுதுகிறேன். போன வாரம் போலீஸும் தாலுகா ஆபீஸும் சேர்ந்து நம் ஊர் வானத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்தை விசாரித்தார்கள். புகார் கொடுத்தது உன் அம்மா. அந்த வெளிச்சத்தை விட்டது நான்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது தினமும் சாயங்காலம் கரண்ட் போகுமே, ஊரே இருண்டு கிடக்கும்போது சின்ன டார்ச் பல்பைக் கட்டி மாடியில் நாம் பட்டம் விடுவோம். ‘அப்பா, நம்ம வூட்டுல மட்டுந்தான் கரண்டு இருக்குது’ என்று நீ தெருவுக்கே கேட்கக் கத்துவாய். பீங்கான் கம்பெனியில் நாளெல்லாம் பியூஸ் கட்டை சோதித்துவிட்டு வருகிறவனுக்கு அதைக் கேட்டால் அலுப்பே போய்விடும். பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பட்டத்தின் குச்சிகள் கிடைத்தன. புதுத்தாள் ஒட்டி, பச்சை எல்இடி பல்பு கட்டி, ஷிப்டு முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் மூன்று நாள் விட்டேன். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேட்பாளோ என்ற கூச்சத்தில் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாடியிலிருந்து அதைப் பார்த்த அவள் நூறுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் காலை எஸ்.ஐ. திரௌபதியும் வருவாய் ஆய்வாளரும் வீட்டுக்கே வந்தார்கள். ‘நட்சத்திரம் இல்லீங்க, பச்சையா ஒரே எடத்துல நின்னுச்சு, அப்பறம் தலைய ஆட்டுச்சு’ என்று அம்மா கையை ஆட்டிக் காட்ட, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தெருவே வாசலில் நின்றது. நான் டீ கொடுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அன்றைக்கே, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் வளவனின் டிரோனைச் சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். டீக்கடையில் அவன், ‘ஒரு வாரமா பெட்டியத் தொறக்கவே இல்லண்ணே. ஞாயித்துக்கெழம ஸ்ரீமுஷ்ணத்துல கல்யாணம், டிரோன் இல்லாம போனா வேற ஆள வச்சிக்குவாங்க’ என்றபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் பட்டத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வளவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றுதான் எஸ்.ஐ. நினைத்தார். ‘சாயங்காலம் எங்க முன்னாடி வுடுங்க, பாத்தவங்களையும் வரச்சொல்றேன்’ என்றார்.

ஏழு மணிக்கு அம்மாவை ஜீப்பில் பொட்டலுக்கு அழைத்து வந்தார்கள். நூல்கண்டோடு நின்ற என்னைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றே இல்லை, இரண்டு முறை பட்டம் தரையில் குத்தியது, வளவன்தான் ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்தான். அடுத்த முறை ஏறிவிட்டது. ‘இதானாம்மா நீங்க பாத்தது?’ என்று எஸ்.ஐ. கேட்டார். அம்மா மேலே பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, ‘இதாங்க. இது எங்க பொண்ணு பட்டங்க’ என்றாள்.

ரயில் மின்கம்பி பக்கத்தில் இருக்கிறது, இருட்டில் இனி விடக்கூடாது என்று கண்டித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வளவனிடம் டிரோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, ‘மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான், அவன் கோபம் நியாயம்தான். நாங்கள் நடந்தே வந்தோம். வீட்டுக் கதவைத் திறக்கும்போது அம்மா, ‘புள்ள ஞாபகம் வந்தா எங்கிட்ட சொல்லக்கூடாதா? எனக்கு மட்டும் வராதுன்னு நெனச்சீங்களா?’ என்று கேட்டு அழுதுவிட்டாள். நீ ஆக்லாந்து போன இந்த நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் தனித்தனியாக உன்னை நினைத்திருக்கிறோம் பாப்பா.

வேளைக்குச் சாப்பிடுங்கள், நோய்நொடியில்லாமல் இருவரும் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் போன் செய்தால் முதலில் அம்மாவிடம் பேசு. எனக்கு அவள் சொல்லுவாள்.

இப்படிக்கு
உன் அப்பா
கோவிந்தசாமி