உங்கள் படத்தைக் கேட்டு வந்தார்கள்

அண்ணை, என் ஒரே அண்ணை,

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் காரியத்தன்று உங்கள் கட்சியின் லண்டன் கிளையிலிருந்து மூன்று பேர் வட லண்டன் எட்மண்டனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் படம் வேண்டுமாம். ஊரில் போர் முடிந்து எங்களுக்கென்று ஓர் ஆட்சி வந்தால் அதற்கான அரசியல் யாப்பு வரைவை அச்சுக்குக் கொடுக்கிறார்கள். அதன் முதல் பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வரைவில் நீங்கள் எழுதியது ஒரேயொரு பிரிவு. கோயிலும் கிணறும் காணியும் எந்தச் சாதியாருக்கும் மறுக்கப்படக் கூடாது. மறுப்பவருக்குத் தண்டனை உண்டு. அதற்காக எத்தனை கூட்டங்களில் எழுந்து நின்றீர்கள்! கல்லூரியில் படிப்பித்த அந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் கதையை எத்தனை முறை சொன்னீர்கள்! உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் வாக்களித்தார்கள், சட்டசபையிலும் உட்கார்ந்தார்கள். பிறகு கட்சிகள் தங்களுக்குள் பேரம் பேசின, அந்த வாக்கு பறிபோனது. "வாத்தியார் தொடங்கிட்டார்" என்று பின்வரிசை சிரிக்கும் என நீங்களே வந்து சொல்வீர்கள்.

"அண்ணையின்ரை பிரிவு இருக்கோ?" என்று வந்தவர்களில் செயலாளரைக் கேட்டேன்.

"எடுத்திட்டம், தங்கச்சி. இப்ப சாதியைக் கதைச்சால் சனம் பிரிஞ்சுபோகும். வெற்றிக்குப் பிறகு பாப்பம்."

"ஆர் பாக்கிறது?"

அதற்குள் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு விரதம், அக்கா" என்றார் செயலாளர்.

"மூண்டு பேருக்குமோ?"

"ஓம்."

"மரக்கறிதான் சமைச்சது. வெங்காயமும் போடேல்லை."

"ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை, அக்கா."

"அப்ப பஸ் தரிப்பிலை நிண்டு சாப்பிட்ட சிப்ஸ் ஆரின்ரை வாய்க்குள்ளை போனது? வாழையிலை வாங்கிக்கொண்டு வரேக்கை கண்டனான்" என்றார் அண்ணி.

ஒருவர் சப்பாத்தைப் பார்த்தார், ஒருவர் யன்னலைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்கள் பேச்சுக்குக் கைதட்டியவர்கள்தான், அண்ணை. எங்கள் சாதி வீட்டில் மட்டும் கை நனைக்க மாட்டார்கள்.

ஊரில் குண்டு விழும்போது எல்லாரும் ஒரே பதுங்குகுழிக்குள் கிடக்கிறோம் என்று மேடையில் அழுகிறார்கள். இந்தக் குளிர்த் தேசத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிட முடியாதவர்கள், நாளைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்கு எதைத் தருவார்கள்? நீங்கள் ஏன் அவர்களை நம்பினீர்கள்? இவ்வளவு வரலாறு படித்தவர்தானே? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

"படத்தைத் தாங்கோ, அச்சகம் பாத்துக்கொண்டிருக்கு" என்றார் செயலாளர்.

"பிரிவைத் திருப்பிப் போடுங்கோ. அப்ப தாறன்."

"தங்கச்சி, அண்ணை இருந்திருந்தால் விட்டுக்குடுத்திருப்பார்."

"அண்ணை இல்லை. நான் இருக்கிறன்."

வெறுங்கையோடு போனார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் அண்ணி அழுதார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மோர்டனில் பொதுக்கூட்டம். வரைவை அங்கேதான் வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். எந்தக் கட்சியையும் நம்பாதவள், எந்தக் கூட்டத்துக்கும் வராதவள் என்று கேலி செய்வீர்களே, இந்த முறை போகிறேன். உங்கள் பிரிவை வாசிப்பேன். யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பேன். மைக்கைப் பறித்தால் மைக் இல்லாமல் கேட்பேன். தோற்றால் அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். அந்தப் பிரிவு திரும்பி வரும்வரை உங்கள் முகம் அவர்களுக்குக் கிடைக்காது. இது சத்தியம்.

உங்களோடு கூடப்பிறந்தவள்,
தங்கச்சி சாந்தி