மூன்று நாற்காலிகளுக்கு ஒரு தார்ப்பாய்

ஏப்ரல் 9, வியாழன்

கடையில் ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாலு கூப்பிட்டாள். "அண்ணி, சனிக்கிழமை லீவு போடுங்க. ஏரிக்கரைல கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

வாலு என் நாத்தனார். நாத்தனாராக இருந்தவள். என் கல்யாணத்தின்போது பள்ளிக்கூடப் பெண். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அவள் அண்ணனும் நானும் பிரிந்து, கோர்ட்டில் எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளாகப் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். இப்போது என்ன திடீரென்று அண்ணி, நொண்ணி?

ஏப்ரல் 10

மறுபடியும் கூப்பிட்டாள். "அந்தத் தார்ப்பாய அண்ணன்கிட்டேருந்து வாங்கிட்டேன்."

எது என்று கேட்கத் தேவையில்லை. மரத்துக்கு மரம் தூளி மாதிரி ஹாமக் கட்டிப் படுக்கும்போது மழைக்கு மேலே போட, அவரும் நானும் சேர்ந்து வாங்கியது. யாரோடு போகிறாள் என்று அவரிடம் சொன்னாளா? சொல்லியும் கொடுத்தார் என்றால்—

முடி வெட்டிக்கொள்ளப் போய், டையும் அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். லூசு.

ஏப்ரல் 11, சனி

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து மூன்று நாற்காலி இறக்கினாள். மூன்று! இருப்பது இரண்டு பேர்.

தார்ப்பாயை எப்போதும்போல் இரண்டு பக்கமும் தரையோடு இழுத்துக் கட்டப் போனேன். அவர் அப்படித்தான் கட்டுவார். "வேணாம் அண்ணி, அதுக்குள்ள படுக்கவா போறோம்? உக்காரணும். முன்பக்கத்தத் தூக்கிக் கட்டலாம், பந்தல் மாதிரி."

இரண்டு மரத்துக்கும் நடுவே கயிறு, அதன்மேல் தார்ப்பாய். காற்று வருகிற பின்பக்கத்தைத் தரையில் முளையடித்து இறக்கினோம். முன்பக்க மூலைகளுக்கு ஆளுயரக் கம்பு கொடுத்துத் தூக்கி, கயிற்றை முன்னால் இழுத்து இன்னும் இரண்டு முளை. எழுத லேசாக இருக்கிறது. ஒரு கம்பை நிறுத்தினால் மற்றது சாய்ந்தது. "பிடிங்க அண்ணி!" "நீ பிடிடி முதல்ல!" பெரிய கூத்து. கடைசியில் அது நின்றபோது இரண்டு பேரும் கைதட்டினோம்.

மூன்று நாற்காலியையும் அதன் கீழே போட்டாள். அடிக்கடி சாலையைப் பார்க்கிறாள். கேட்டால், "மழை வருமான்னு பாக்குறேன்." மழை சாலை வழியாகவா வரும்?

அவர் வரப்போகிறார். வரட்டும் என்று இருக்கிறதா, வேண்டாம் என்று இருக்கிறதா— ஒண்ணும் புரியல.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று.

நேற்று சாயங்காலம் மழை பிடித்தது. மூன்றாவது நாற்காலியில் வாலு சாப்பாட்டுப் பையைத் தூக்கி வைத்தாள். "தரைல வச்சா எறும்பு ஏறிடும். அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

பைக்கு! ஒரு பைக்காகவா நான் பகல் முழுக்க—

டீயைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணன் அடுத்த மாசம் கல்யாணம் பண்ணிக்கிறான் அண்ணி. வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன். காலைலேருந்து வாய் வரல. வண்டிய எடுத்துட்டு ஓடிடலாமான்னுகூட பாத்தேன்."

"இதச் சொல்லவா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்த? அதுவும் அவரோட தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு!"

"என்கிட்ட வேற இல்ல அண்ணி."

அதற்குள் தலைக்கு மேலே தார்ப்பாய் தொப்பை போட்டுவிட்டது. முன்பக்கத்துக்குச் சரிவே வைக்காமல் கட்டியிருந்தோம். தண்ணீர் போக வழியில்லை. கோபத்தில் கீழிருந்து ஒரு குத்துவிட்டேன். மொத்தமும் வாலு தலையில்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். "நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. அண்ணி வேணுமா வேணாமான்னு என்னை யாராவது கேட்டீங்களா?"

துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூலைக் கம்பைச் சாய்த்துத் தாழ்த்தினேன். தண்ணீர் அந்தப் பக்கமாக ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலை வாசலில் இறக்கிவிட்டு, "வரேன் அண்ணி" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். யார்மேல் கோபம்? அவள்மேலா? அவர்மேலா? டை அடித்துக்கொண்டு போனேனே, என்மேலா?

ஏப்ரல் 20

வாலு கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மே 3

நானே கூப்பிட்டேன். எதற்கென்று தெரியாமல் "சாப்டியா?" என்றேன். தன் டாக்டரைப் பற்றி அரை மணி நேரம் புலம்பித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 16, சனி

அவருக்கு இன்று கல்யாணம். கடையில் நல்ல கூட்டம்.

ஜூலை 5, ஞாயிறு

காலையில் அவரிடமிருந்து போன். அவர் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கும் மேலாயிற்று.

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"இல்ல... வாலு அங்க இருக்காளா? போன எடுக்க மாட்டேங்கிறா."

"குளிச்சிட்டிருக்கா. வந்ததும் பேசச் சொல்றேன்."

"ராத்திரி அங்கதான் தங்கினாளா?"

"ஆமா. சனிக்கிழமைன்னா இங்கதான்."

"சரி" என்று வைத்துவிட்டார். நான் அடுப்பைப் பற்றவைத்து, அவளுக்கும் சேர்த்து முட்டை உடைத்து ஊற்றினேன்.