முதலிடம் வாங்கிய குதிரைவாலி

புரட்டாசி 18
வெயில். கல்லூரிச் சோதனை வயலில் மண் பாளம் பாளமாக. காலையில் சென்னையிலிருந்து மெயில்: அரசு ஆராய்ச்சி நிதிக்கு வந்த திட்டங்களில், நிபுணர் குழு எங்கள் வறட்சி தாங்கும் குதிரைவாலி ரகத்துக்கு முதலிடம் தந்திருக்கிறது. தலைக்கனம் ஓரங்குலம் கூடியது. முடி கூடவில்லை. உதவியாளர் மாரிச்செல்வியிடம் “சம்பளம் உறுதி” என்று அளந்துவிட்டேன். அவள் அருப்புக்கோட்டை பள்ளிக்கூட வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஜாங்கிரி வாங்கினேன். சர்க்கரை வியாதிக்குத் தெரியாமல் தின்றேன்.

புரட்டாசி 21
புழுதிக் காற்று. திருச்சுழி பஸ்ஸில் பழைய மாணவன் சுந்தரம். இப்போது கட்சிக்காரர்.
“சார், மந்திரி அவுகளப் பாத்து ஒரு சால்வை போட்டீகளா?”
“நிபுணர்களே முதலிடம் குடுத்துட்டாங்கப்பா.”
“நிபுணருக மார்க்குதான் போடுவாக. கையெழுத்து யாரு போடுறது?”
பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். வீட்டுப் பீரோவில் எனக்குப் போட்ட சால்வைகள் அடுக்காக. ஒன்றை எடுத்தேன், மடித்து வைத்தேன். மானம். இந்த வயதில் புதிதாக வந்திருக்கிறது.

ஐப்பசி 3
மூட்டம். முடிவு வந்தது. பட்டியலில் நாங்கள் இல்லை. பணம் மந்திரி அவுக மச்சான் நடத்தும் கல்லூரிக்கு. அவர்கள் திட்டமும் குதிரைவாலிதான். விதை இல்லை, வயல் இல்லை. ஏ.சி. அரங்கு உண்டு. குழுவில் இருந்த நண்பருக்குப் போன். “நாங்க அனுப்புன வரிசை வேற, வந்த வரிசை வேற. எம்பேரச் சொல்லிராதீங்க.” சொல்லவில்லை. இங்கேகூட எழுதவில்லை.
மானத்தைப் பீரோவில் வைத்துவிட்டுச் சால்வையோடு மந்திரி ஆபீசுக்குப் போனேன். அவுக உதவியாளர்: “போன வாரம் வந்திருக்கக் கூடாதா, சார்?” சால்வையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.
மாரிச்செல்வியிடம் எப்படிச் சொல்ல? சாப்பிடவில்லை.

ஐப்பசி 6
மழை. விதைப்பு மழை. எங்கள் வயலை உழக் காசில்லை.
மாரிச்செல்வி வந்தாள். முடிவு என்னைவிட முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
“அந்த மச்சான் காலேஜுல வேலைக்குக் கூப்புடுறாக, சார்.”
“போம்மா.”
“வயலு குத்தகைக்குப் புடிச்சாச்சாம். விதையக் கொண்டாந்தாத்தான் வேலையாம்.” தரையைப் பார்த்தாள். “நான் போகல சார்.”
ஐந்து பருவம், காய்ந்த வயலில் தாக்குப்பிடித்த கதிராகப் பார்த்துப் பார்த்து அவள் பொறுக்கிய விதை. இந்த ஈரத்தில் விழாவிட்டால் அடுத்த வருடம் பாதி முளைக்காது. ஒரு ஜோக்கும் வரவில்லை. விதை டப்பாவைத் திறந்து துணிப்பையில் கொட்டி அவள் கையில் கொடுத்தேன்.
“ஒங்க பேரப் போடச் சொல்றேன், சார்.”
“ஈரம் காயுறதுக்குள்ள விதைக்கச் சொல்லு.”
பஸ் வரும்வரை குடை பிடித்தேன். இருவரும் நனைந்தோம். பை நனையவில்லை.