கழுவி வைத்த வண்டி

மரக்காணம்
தை 12

அன்புள்ள வைஜெயந்திக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், உடம்புக்கு மட்டும். போனில் பேசினால் எனக்குப் பொய்தான் வாயில் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகைப் புயலில் நம் குட்டியானை வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேனே, அது உண்மை இல்லை. உப்பளத்துத் தண்ணீர் ரோடேறி வந்து ஸ்டியரிங் வரை நின்றது. வடிந்ததும் நல்ல தண்ணீர் பிடித்துச் சேறு போகக் கழுவினேன். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பை அப்படியே விட்டால் தின்றுவிடும், இந்த ஊரில் சைக்கிள் வைத்திருப்பவன்கூட முதலில் அதைத்தான் செய்வான். இன்சூரன்ஸ்காரன் பார்க்கும்வரை தொடக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் உன் சித்தப்பா தேவநாதன், பாலிசி போட்டுக் கமிஷன் வாங்கியவன் அவன்தானே. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முந்திப் பந்தியில் உட்கார்ந்தவன், இப்போது போனை எடுப்பதில்லை. சர்வேயர் பையன் வந்து, சேறு எங்கே சார், தண்ணி ஏறின கோடு எங்கே சார் என்று கேட்டான். இன்ஜினைச் சுரண்டிப் பார்த்து, உப்பு ஏத்துற வண்டி துருப் பிடிக்காம பூவா பூக்கும், இது பழைய துருங்க என்றான். போட்டோ இருந்தால் பார் என்று என் போனை அவனிடம் கொடுத்த மடையன் நான். அதில் இருந்தது ஒன்றுதான். நீ பயப்படக் கூடாது என்று கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து உனக்கு அனுப்பினேனே, அது. புயலுக்கு மறுநாள் தேதியைப் பார்த்தவன், வண்டி ஜம்முனு இருக்குதே சார் என்று அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான்.

இன்ஜினுக்குத் தர மாட்டார்களாம், சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் மட்டும்தானாம். புதுச்சேரி ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கிறது என்று மெக்கானிக் ஜெயசீலன் எழுதிக் கொடுத்ததையும் வைத்து, எம்.ஏ. படித்த இங்கிலீஷில் மறுப்பு எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கீங்க, வாத்தியாரா இருந்தீங்களா என்றார். போனால் போகிறதென்று தொகையைக் கொஞ்சம் ஏற்றினார், அது இன்ஜின் விலையில் பாதிக்குக்கூடக் காணாது. மேலே முறையிடலாம், அதற்கு வருஷமாகும், உப்பு சீசன் காத்திருக்காது. நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்தார்கள், அதற்குக் கீழே. வண்டி பழைய இரும்புக்குப் போகிறது. நான் கீழ்புத்துப்பட்டு மோகன் லாரிக்கு டிரைவராகப் போகிறேன், ஒரு காலத்தில் எனக்கு மூட்டை ஏற்றியவன்.

பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லாதே. இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். உன் போனில் அந்தப் படம் இருந்தால் அழித்துவிடு. அங்கே உனக்கு ஒரு கஷ்டம் என்றால் என்னைப் போலக் கழுவித் துடைத்து அனுப்பாதே அம்மா, சேற்றோடு அனுப்பு. போன வாரம் வந்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

உன் அப்பா
சகாதேவன்