அஞ்சலட்டையில் இருந்த கோயில்

அன்புள்ள நண்பருக்கு,

சுவாமி அறைத் தட்டிலிருந்து உமது அஞ்சலட்டையை அண்மையில் கீழே எடுத்தேன். நான்கு ஆண்டுகளாகப் படிந்த சாம்பிராணி மணமே முதலில் எழுந்தது. படத்தில் வானளாவிய செங்கல் வளைவுகள், நெடிய சாளரங்கள், அவற்றின் வழியே சரியும் ஒளி. மேற்றிசையார் வழிபடும் தலமாயினும் தலமே என்று எண்ணி, மூலையில் சந்தனப் பொட்டிட்டு வைத்திருந்தேன். பின்புறத்தில் அச்சாகியிருந்த, ஸ்பெயின் நாட்டுக் கற்றலான் மொழிக் குறிப்பு எனக்கு விளங்கவில்லை. அதன் கீழே நீர் எழுதிய வரிகள் போதுமாக இருந்தன: "இதுக்குள்ளை நிண்டு ஒரு பதிகம் பாடினனான். உம்மை நினைச்சனான்."

வெள்ளிக்கிழமைப் பூசையின் முடிவில் ஐந்து திருமுறைப் பாடல்களான பஞ்சபுராணம் பாடுவது உமது பங்கு. உச்சரிப்பைக் கவனிப்பது என் பங்கு. "உமக்கு முன்னாலை தும்மினாலும் பிழை திருத்துவீர்" என்று பிரசாத வரிசையில் எல்லோர் முன்பும் சொல்லுவீர். நானும் சிரிப்பேன். பின்பு ஒரு வெள்ளி, வேலைத்தலத்துப் பிரியாவிடை ஒன்றிலிருந்து நேரே வந்தீர். உமது மூச்சில் வைன் மணத்தது. "இண்டைக்கு நீர் பாடவேண்டாம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆயினும் ஐயர் மணியைக் கீழே வைத்த அமைதியில் அது மண்டபம் முழுதும் கேட்டது. நீர் "ஓம்" என்றீர். சால்வையை மடித்து, சப்பாத்தை மாட்டி, பனிக்குள் இறங்கினீர். அதன்பின் கோயிலுக்கு வரவில்லை.

மறு கோடையில் அட்டை வந்தபோது, எங்கோ ஒரு தேவாலயத்தில் பாடி மனம் ஆறிவிட்டீர் என்று மகிழ்ந்தேன். இனி நீராகவே வருவீர் என்று காத்திருந்தேன். அடியார் முன் பணிதலைப் பற்றி எத்தனையோ மேடைகளில் விரித்துரைத்தவன், அம்மருட்டில் என் வீட்டிலிருந்து ரொம்சோஸில் உமது வீடு வரை, இரண்டே ரயில் நிறுத்தம், ஒருநாளும் வரவில்லை.

நீர் காலமான முப்பத்தோராம் நாளில் வழங்கும் கல்வெட்டுக்குப் பாடல்களை என்னையே எழுதச் சொன்னார் உமது மனைவி. அந்த நினைவுநூலில் இந்தப் படத்தையும் சேர்த்து, குறிப்பைத் தமிழில் இடவேண்டும் என்றார். அட்டையைக் கீழ்வீட்டுச் சிலி நாட்டு அம்மையாரிடம் கொண்டுபோனேன். தம்முடைய ஸ்பானிய மொழிக்கு இது உறவு என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லாகத் தடவி நோர்வேஜிய மொழியில் தந்தார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். எந்தப் புனிதருக்கு எடுப்பித்த ஆலயம் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அது ஆலயமே அன்று. ஊர் உழவர்கள் ஒன்றுகூடி, திராட்சையைப் பிழிந்து வைனைச் சேமிக்க எழுப்பிய பண்டகசாலை.

நான்கு ஆண்டுகளாக வைன் கிடங்குக்குத் தூபம் காட்டியிருக்கிறேன். நீர் என்னை எள்ளினீர் என்றே முதலில் எண்ணினேன். அந்த மனத்தோடுதான் உமது வீட்டுக்குப் போனேன்.

தேநீரை என்முன் வைத்துவிட்டு உமது மனைவி சொன்னார்: "அது வைன் கிடங்கெண்டு தெரியும் அண்ணை. நான் பக்கத்திலை நிண்டனான். 'இஞ்சையெண்டால் என்ரை மூச்சை ஆர் மணக்கப்போகினம்' எண்டுபோட்டுத்தான் பாடத் தொடங்கினவர். பாத்துக்கொண்டு நிண்ட சனம் அசையேல்லை."

சற்றுப் பொறுத்துத் தொடர்ந்தார். "'அந்தாள் கோயிலெண்டு நம்பிக்கொண்டு வரும், வந்தாப் பிறகு சொல்லிச் சிரிப்பம்' எண்டவர். பெல் அடிச்சால், நீங்களோ எண்டு எழும்பிப் பாப்பார்."



குறிப்பின் மொழிபெயர்ப்பை உள்ளபடியே கொடுத்தேன். கல்வெட்டில் வைன் என்று போடுவது முறையோ என்று கோயில் செயலாளர் தயங்கினார். போடத்தான் வேண்டும் என்றேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "நாங்கள் பாடவிடாத பதிகத்தை இவர் இங்கே நின்று பாடினார்." அதைச் செயலாளர் இருமுறை வாசித்தார். பின்பு அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

இப்போது வெள்ளிதோறும் பஞ்சபுராணம் நானே பாடுகிறேன். என் தொண்டை உமது சுருதியைத் தொடுவதில்லை. தேவாரத்தின் மூன்றாம் அடியில், நீர் குரலை மேலே கொண்டுபோகும் இடத்தில், நிறுத்திவிட்டுச் சற்றுக் காத்து நிற்கிறேன். கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று சனம் பொறுத்துக்கொள்கிறது.