மூன்று மணிக்கு மட்டும் திக்கும் கம்ப்யூட்டர்

ஜூன் 9, செவ்வாய்

நல்ல வெயில். உளுந்து ஊறப்போட மறந்தேன், அதற்கு ஒரு திட்டு.

மூன்று மணிக்கு லைவ், நான் ஆடும் துப்பாக்கி கேமை நெட்டில் நேரடியாகக் காட்டுவது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு திக்கல். வலது பக்கம் திரும்பினால் திரை கொஞ்சம் அப்படியே நிற்கிறது, பிறகு குதிக்கிறது. அதற்குள் எவனோ என்னைச் சுட்டுவிட்டுப் போய்விடுகிறான். லைவை நிறுத்தினால் சரியாகிவிடும். லைவ் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஆடினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு மாதமாக இப்படித்தான்.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்று கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் மட்டும் ஆடும் டீம், ஐந்து பேர், ஓர் இடம் காலி. சேர வேண்டுமானால் ஒரு மணி நேரம் லைவில் ஆடிக் காட்ட வேண்டும். மூலையில் கை மட்டும் தெரிகிற கேமரா. முகம் காட்ட வேண்டாம், பேச வேண்டாம். அதனால்தான் பேரே கொடுத்தேன்.

சாயங்காலம் குரூப்பில் கேப்டன் போட்டது, அப்படியே எழுதுகிறேன்: "கை ஒரு பக்கம் போவுது, ஆட்டம் ஒரு பக்கம் போவுது. இது அவ ஆடல. வீட்ல அண்ணன் ஆடறான், இவ சும்மா மவுஸ ஆட்டிகினு கீறா."

இருநூறு பேர் இருக்கிற குரூப். பதினாலு பேர் சிரித்திருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன்.

அண்ணனுக்கு அந்த கேமில் கதவைத் திறக்கக்கூடத் தெரியாது.

நாலு முறை டைப் செய்தேன், நாலு முறையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "லைவ் திக்குதுக்கா. சரி பண்றேன்." அவள் பதில்: "ஞாயிறு 3 மணி. கடைசி சான்ஸ்."

என்னத்துக்கு "அக்கா" போட்டேன்.

ஜூன் 10, புதன்

செய்து பார்த்தவை:

— வைஃபையை விட்டுவிட்டு வயர். லைவ் சாஃப்ட்வேரில் நெட்டால் விட்டுப்போன ஃபிரேம் (வீடியோவில் ஓடும் ஒவ்வொரு படம்) 0 என்றுதான் காட்டுகிறது. ஆக நெட் இல்லை.
— நொடிக்கு அனுப்புகிற அளவை, அதாவது பிட்ரேட்டை, 6000-இலிருந்து 3500 ஆக்கினேன். அதே திக்கல்.
— நொடிக்கு 60 ஃபிரேமை 30 ஆக்கினேன். பார்க்கவே அசிங்கம். அதே.
— வீடியோவைச் சுருக்கி அனுப்புகிற வேலையை பிராசசரிடமிருந்து எடுத்து கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு அதே.
— பிரவுசர் எல்லாம் மூடினேன். அதே.

இணையத்தில் கேட்டேன். ஒருவர்: புது கார்டு வாங்கு. (நீங்க வாங்கித் தருவீங்களா.) இன்னொருவர்: சூடு பார், தூசி இருக்கும். தூசி இல்லை. போன மாதம்தான் சைக்கிள் பம்பும் பெயிண்ட் பிரஷும் வைத்து அரை நாள் உட்கார்ந்து நானே சுத்தம் செய்தேன். என்னிடம் தூசி என்கிறார்.

கம்ப்யூட்டர் அண்ணனுடையது. புடவைக்கு பார்டர் டிசைன் போட வாங்கியது. மதியம் வரை அவன், பிறகு டிசைனைக் காட்ட பஜாருக்குப் போய்விடுவான். மூன்றிலிருந்து ஐந்து வரை எனக்கு. அதுதான் பேச்சு. இன்று கேட்டேன். "எனக்கு டிசைன் ஓடுதில்ல? அப்ப கம்ப்யூட்டர் நல்லாதான் கீது" என்றான். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

ஜூன் 11, வியாழன்

மேகமூட்டம். அம்மா விடியற்காலையிலேயே சேத்துப்பட்டு. சித்தி மகளுக்கு வளைகாப்பு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடைக்குத் தனியாகப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் கடைக்காரர்: "அண்ணன வரச் சொல்லும்மா." நகராமல் நின்றேன். "இன்னா படிக்கிற?" "பத்தோட நின்னுட்டேன்." "அதான்."

அதான் என்றால் என்ன அர்த்தம். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருடம் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, நின்றேன். அடுத்த வருடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கும் ஃபிரேம் விட்டுப்போவதற்கும் என்ன சம்பந்தம்.

ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "வீட்ல தறி மோட்டார் ஓடுதா? வோல்டேஜ் ஏறி எறங்கிகினு இருக்கும்."

மூன்று மணி. லைவ். ஒரு மணி நேரம். ஒரு திக்கல் கூட இல்லை. இரண்டு தடவை பார்த்தேன், நிஜம்தான்.

இன்று வீட்டில் என்ன இல்லை? அம்மா இல்லை. அம்மா இல்லாததால் தார் மிஷின் ஓடவில்லை. அப்பாவுடையது கைத்தறி, கரண்ட் வேண்டாம். குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழாயில் சுற்றித் தருகிற தார் மிஷின் ஒன்றுதான் மோட்டார். அம்மா அதில் உட்காருவது தினமும் மூன்று மணிக்கு.

கண்டுபிடித்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

மூன்று மணி: அம்மா மிஷினைப் போட்டாள். 3.10: திக்கல். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, அம்மா மிஷினையும் என்னையும் பிரிக்கிற தடுப்புக்கு மேலாகக் கத்தினேன். நான் கத்தியது எனக்கே புதிதாக இருந்தது.

"உன் மிஷினாலதாம்மா எல்லாம். ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் நிறுத்து."

"நான் சுத்தலனா உங்கப்பா தறில இன்னாத்த ஓட்டுவாரு?"

"ஒரு மணி நேரம்தான கேக்கறேன்."

"நீ வெளையாட, நான் கைய கட்டிகினு குந்தணுமா? நல்லா கீதுடி."

அப்பா தறியிலிருந்தே: "எட்டு தார் கைல கீது. எனக்குப் போதும். இன்னாத்துக்கு பேஜாரு, நிறுத்தேன்."

அம்மா சுற்றிக்கொண்டே இருந்தாள். நாளைக்கே நிறுத்திக் காட்டுகிறேன், பார்த்துக்கொள் என்றாள், அதுவும் ராத்திரி தட்டு வைக்கும்போது, தட்டைப் பார்த்து.

எனக்கு வருத்தம் இல்லை. நான் சொன்னது சரி. இவ்வளவு நாள் என்னைத் திக்க வைத்தது அந்த மிஷின்தான்.

ஜூன் 13, சனி

2.55-க்கு அம்மா மிஷினைப் போட்டு உடனே நிறுத்தினாள், எனக்குக் கேட்கட்டும் என்று சுவிட்சைத் தட்டி.

3.10. திக்கல்.

மிஷின் ஓடவில்லை. சுத்தமாக ஓடவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினேன். அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் மட்டும். ஆடுவது தடுப்புக்கு இந்தப் பக்கம், ஆனால் கம்ப்யூட்டர் பெட்டி இருப்பது அம்மா பக்கம், ஸ்டூல் மேல். பிளக் அங்கேதான் இருக்கிறது. எழுந்து போனேன்.

பெட்டி மேல் அப்பாவின் பழைய வேட்டி. இரண்டாக மடித்து, மேலே, பின்னால், பக்கத்தில் எல்லாம் இழுத்துச் செருகி. அப்பா தறியை விட்டு எழுந்தால் பாவு, அந்த நீளவாக்கு நூல், அழுக்காகாமல் அம்மா மூடுவாளே, அதே மாதிரி, ஒரு விரல் இடமில்லாமல். உள்ளே கை வைத்தேன். இட்லிக் குண்டான்.

"இன்னாம்மா இது?"

"பெருக்கறேன் இல்ல. தூசி பூந்துடும்."

"இன்னிக்கா?"

"தெனந்தான் மூடறேன். தார் சுத்தும்போது பிசிறு பறக்குது. அன்னிக்கு நீ பிரஷ்ஷ வெச்சிகினு அரை நாள் தொடச்சிகினு இருந்த, பாவமா இருந்துது. வேல முடிஞ்சதும் எடுத்துடுவேன்."

ஒரு மாதமாக. நான் சுத்தம் செய்த நாளிலிருந்து. வியாழன் அவள் ஊரில் இல்லை, மூட ஆளில்லை.

ஓடிப்போய் சூடு பார்த்தேன், 97 டிகிரி. வேட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் 76. கேம் மட்டும் ஆடினால் தாங்கிக்கொண்டிருக்கிறது. லைவும் சேர்ந்தால் முடியவில்லை.

"அது பின்னாடிதாம்மா காத்து விடும். மூடினா மூச்சு முட்டும்."

"எனக்கு எப்பிடி தெரியும்? மோட்டார இழுத்த, வோல்டேஜுன்ன. துணின்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லும்போதே தும்மினாள். மூன்று தடவை. புருவத்திலும் மூக்கு முடியிலும் வெள்ளையாகப் பிசிறு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்த மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். தினமும் தும்முகிறாள். பெட்டிக்கு இரண்டு மடிப்பு வேட்டி. இவள் மூக்குக்கு ஒரு கிழிசல் கூட இல்லை. இந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கேப்டன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் மேலும். அம்மா மேல் நேற்று இருந்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் தூறல், நின்றுவிட்டது. கறிக்குழம்பு.

2.50. அம்மா தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "சுத்தட்டுமா, வேணாமா?"

"சுத்து."

அந்த வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அவள் மூக்கோடு சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டேன். "திருடி மாதிரி கீறேன்டி." கழற்றவில்லை.

3 முதல் 4 வரை. மிஷின் ஓடியது. பெட்டி திறந்திருந்தது. விட்டுப்போன ஃபிரேம் 0. சூடு 78-ஐத் தாண்டவில்லை. இருபத்திரண்டு பேரைச் சுட்டேன், கடைசி இரண்டு பேரை ஒரே திருப்பலில். என் கையும் ஆட்டமும் ஒன்றாகத்தான் போயின, எல்லாரும் பார்த்தார்கள்.

4.05. குரூப்பில் கேப்டன்: "ஓகே. டீம்ல சேர்த்தாச்சு. செவ்வாய் பிராக்டிஸ்." கீழே பூக்கள், கைதட்டல்.

மேலே தள்ளிப் பார்த்தேன். அண்ணன் ஆடறான் என்று போட்டது அங்கேயே இருக்கிறது. பதினாலு சிரிப்பும்.

டீம் மைக்கில் பேசுகிற ஆன்லைன் அறைக்குள் போனேன். ஐந்து பேர் இருந்தார்கள். மைக்கை இதுவரை தொட்டதில்லை. தொட்டேன்.

"நீங்க செவ்வாக்கெழம போட்டது தப்பு. ஆடினது நான்."

கேப்டன்: "அத வுடும்மா. அதான் சேத்துட்டமில்ல."

"எங்க போட்டீங்களோ அங்கயே சொல்லுங்க. இருநூறு பேரு படிச்சாங்க."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

"சரி, இரு."

அம்மா துணி கட்டிய முகத்தோடு எட்டிப் பார்த்து, "யார்கிட்டடி சண்ட?" பிறகு சொல்கிறேன் என்று கை காட்டினேன்.

4.30. குரூப்பில் ஒன்றும் வரவில்லை.

4.42. கேப்டன் டைப் செய்கிறாள் என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடி காட்டுகிறது.

ஐந்து மணி வரை கம்ப்யூட்டர் என்னுடையது. உட்கார்ந்திருக்கிறேன்.